கடினமாக இருந்தால் சிறந்ததாகிவிடுமா? கார்ல் நீல்சனின் கிளாரினெட் கான்செர்ட்டோ: ஒரு திறனாய்வு

தமிழாசிரியர்களுக்கான வளப்பக்கத்தில் டென்மார்க் நாட்டு இசையைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு என் உயர்நிலை நான்கு மாணவர்களிடம் 'என்னைக் கவர்ந்த ஒரு கலைப்படைப்பு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே முக்கால்வாசிப் பேர் திரைப்படத்தைப் பற்றி எழுதினார்கள். பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கும் ஒரு மாணவி மட்டும் கார்ல் நீல்சன் இயற்றிய கிளாரினெட் கான்செர்ட்டோவைப் பற்றி எழுதியிருந்தாள். கட்டுரையின் சாரம் இதுதான்: "கிளாரினெட் கலைஞர்களுக்கு மிகக் கடினமான படைப்புகளுள் இது ஒன்று. ஆகவே இது சிறந்த படைப்பு." கடைசி வரி: "முடிவில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை."

நான் சிவப்பு மையில் இரண்டு குறிப்புகள் எழுதினேன். ஒன்று, 'கடினம் என்பதாலேயே சிறப்பா? விளக்குக.' இன்னொன்று, 'முடிவுரை முழுமை பெறவில்லை.' தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்: "டீச்சர், நீங்க அதைக் கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. கேட்காத ஒரு படைப்பைப் பற்றிய கட்டுரைக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்! அன்று இரவே கேட்டேன். பிறகு பல நாள் கேட்டேன். இப்போது என் இரண்டு குறிப்புகளில் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி, எது தவறு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் ஆராயப் போகிறேன்.

பின்னணி

கான்செர்ட்டோ என்றால் ஒரு தனிக் கலைஞரும் ஒரு வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பதற்காக எழுதப்படும் இசைப்படைப்பு. சில சமயம் இரு தரப்பும் இணைந்து போகும். சில சமயம் வாக்குவாதம் நடக்கும். நல்ல கான்செர்ட்டோவில் இரண்டும் உண்டு.

கார்ல் நீல்சன் 1865இல் டென்மார்க்கின் ஃபூன் தீவில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். அப்பா வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழிலாளி. கிராமத்துத் திருமணங்களிலும் விழாக்களிலும் வாத்தியம் வாசிப்பவர். பதினான்கு வயதில் நீல்சன் ஓடென்ஸ நகரில் இராணுவ இசைக்குழுவில் சேர்ந்தார். பின்னர் கோப்பன்ஹேகனின் அரச இசைக்குழுவில் வயலின் வாசித்தார். ஆறு சிம்பொனிகளை எழுதி, தம் நாட்டின் தலைசிறந்த இசையமைப்பாளர் என்று பெயர் பெற்றார்.

1921இல் ஒரு நாள் அவர் ஒரு நண்பருக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, மறுமுனையில் ஐந்து குழல் கலைஞர்கள் மோட்ஸார்ட் இசையை ஒத்திகை பார்ப்பது காதில் விழுந்ததாம். அந்த ஐவருக்காக 1922இல் ஒரு குவின்டெட் எழுதினார். அதோடு நிற்காமல், ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கான்செர்ட்டோ எழுதுவதாகத் திட்டமிட்டார். ஒவ்வொருவரின் குணத்துக்கும் ஏற்ற மாதிரி! புல்லாங்குழல் கான்செர்ட்டோவை 1926இல் முடித்தார், கிளாரினெட் கான்செர்ட்டோவை 1928இல் முடித்தார். மீதி மூன்றையும் எழுதுவதற்குள் 1931இல் இறந்துவிட்டார். ஏற்கெனவே இதய நோயால் அவதிப்பட்டு வந்தவர் அவர்.

கிளாரினெட் கான்செர்ட்டோ ஆகெ ஒக்சன்வாட் என்ற கலைஞருக்காக எழுதப்பட்டது. முன்கோபம், பிடிவாதம், உள்ளுக்குள்ளே ஈரமான மனம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1928 செப்டம்பரில் ஒரு தனியார் இல்லத்திலும், அக்டோபரில் கோப்பன்ஹேகனில் பொதுமக்கள் முன்னிலையிலும் அரங்கேறியது. இரண்டிலும் ஒக்சன்வாட்தான் வாசித்தார். இசையமைப்பாளருக்குக் கிளாரினெட் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு மோசமான சுரங்களைத் தேடிப் பிடித்திருக்க முடியாது என்று அவர் புலம்பியதாக ஒரு கதை உண்டு.

கருவியை அறிவோம்

படைப்பின் கடினத்தைப் பற்றிப் பேசும் முன் கருவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'கடினம்' என்பது வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் ஒற்றை நாணல் தகடு கட்டப்பட்டிருக்கும். காற்று பட்டு அது அதிர்வதால் ஒலி பிறக்கிறது. புல்லாங்குழலில் அதே விரல் நிலையோடு சற்று அழுத்தி ஊதினால் ஒலி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகும். கிளாரினெட் அப்படி இல்லை. அதன் குழல் பெரும்பகுதி ஒரே அகலமாகவும், ஒரு முனை வாயால் அடைபட்டும் இருப்பதால், மேல் பகுதிக்குத் தாவும்போது ஒலி ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும். இதன் விளைவு என்ன? ஒரே சுரத்துக்குக் கீழ் ஸ்தாயியில் ஒரு விரல் நிலை, மேல் ஸ்தாயியில் முற்றிலும் வேறொரு விரல் நிலை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆபத்தான எல்லைக்கோடு வேறு. அதை வேகமாகக் கடக்கும்போது விரல் கொஞ்சம் பிசகினாலும் 'கீச்' என்று ஒலி உடையும். பள்ளி இசைக்குழுவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கீச்சொலி நன்றாகவே தெரியும்.

இன்னொன்று. கிளாரினெட்டின் கீழ்ப்பகுதி இருண்டு, கனிந்து ஒலிக்கும். நடுப்பகுதி தெளிவாகப் பாடும். உச்சிப்பகுதி கத்தும். ஒரே கருவிக்குள் மூன்று ஆள் இருப்பதுபோல. நீல்சனும் இதைத்தான் ரசித்தார். இந்தக் கருவி மருந்துபோல் இதமாகவும் இருக்கும், எண்ணெய் போடாத தண்டவாளத்தில் டிராம் வண்டி கிறீச்சிடுவதுபோலவும் இருக்கும் என்ற பொருளில் அவர் கருத்துச் சொன்னார். அந்த இரண்டு நிலைகளையும் அடுத்தடுத்து வைத்தே இந்தக் கான்செர்ட்டோவை எழுதியிருக்கிறார்.

படைப்பின் போக்கு

ஏறத்தாழ 25 நிமிடம் இடைவெளி இல்லாமல் ஓடும் படைப்பு இது. வாத்தியக் குழு மிகச் சிறியது: இரண்டு பசூன், இரண்டு ஹார்ன், ஒரு ஸ்நேர் டிரம், நரம்புக் கருவிகள். அவ்வளவுதான். புல்லாங்குழல் இல்லை, ஓபோ இல்லை, டிரம்பெட்டும் இல்லை. உயர்ந்த குரலில் பேசக்கூடிய குழல் கருவி மேடையில் கிளாரினெட் ஒன்றுதான். அதற்குச் சொந்தக்காரர் யாருமே இல்லாத கூட்டத்தில் அதை நிறுத்தியிருக்கிறார் நீல்சன். தவறு செய்தால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

தொடக்கத்தில் செல்லோக்களும் டபுள் பேஸ்களும் தாழ்ந்த குரலில் ஒரு மெட்டைத் தருகின்றன. கிராமத்து ஆள் கைவீசி நடந்து போவதுபோல எளிமையான மெட்டு. மற்ற கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதையே திருப்பிச் சொல்லி வர, கிளாரினெட்டும் அதைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. அப்புறம்தான் வினை. கிளாரினெட் மெட்டைத் திருகுகிறது, இழுக்கிறது, எங்கேயோ தாவுகிறது. ஸ்நேர் டிரம் இடையில் புகுந்து படபடக்கிறது. ஓரிடத்தில் குழு ஓய்ந்துவிட, கிளாரினெட் தனியாக நின்று கொட்டித் தீர்க்கிறது. கேடென்சா என்று இதைச் சொல்வார்கள்.

அடுத்து வரும் மெதுவான பகுதியை ஹார்ன் தொடங்கி வைக்கிறது. அந்த மெட்டைக் கிளாரினெட் வாங்கிப் பாடும் இடம்தான் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. இவ்வளவு நேரம் கத்தியவர் இப்படியும் பேசுவாரா என்று தோன்றும். ஆனால் அமைதி நீடிப்பதில்லை. நடுவிலேயே பழைய கோபம் தலைதூக்குகிறது. பிறகு மூன்று தட்டுத் தாளத்தில் நொண்டி நடனம்போல ஒரு பகுதி. சிறிது நேரம் மீண்டும் மெதுவான இசை. கடைசியில் வேகமான முடிவுப் பகுதி.

இந்தப் பயணம் முழுவதற்கும் அடியில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப் என்ற ஆதார சுருதியும் ஈ என்ற ஆதார சுருதியும் மோதுகின்றன. கீபோர்டைப் பாருங்கள். ஈ, எஃப் இரண்டும் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைகள்; நடுவில் கறுப்புக் கட்டைகூட இல்லை. அடுத்தடுத்த வீடு. தூரத்தில் இருப்பவர்களோடு சமாதானமாகப் போய்விடலாம், ஒட்டுச்சுவர் வீட்டுக்காரரோடு வரும் தகராறு எளிதில் தீராது. இசையிலும் அப்படித்தான்: இந்த இரண்டு சுருதிகளையும் சேர்த்து ஒலித்தால் காது கூசும்.

கடினம் எதற்காக?

இப்போது என் முதல் சிவப்புக் குறிப்புக்கு வருகிறேன். கடினம் என்பதாலேயே சிறப்பாகிவிடுமா?

ஆகாது. விரல் வேகத்தைக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட படைப்புகள் நிறைய உண்டு. கேட்கும்போது 'அடேயப்பா' என்போம். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவோம். அங்கே கடினம் என்பது நகை. கழற்றி வைத்தாலும் ஆள் மாறமாட்டார்.

நீல்சனின் படைப்பில் கடினத்தைக் கழற்ற முடியாது. அடியாழத்திலிருந்து உச்சிக்கு ஒரே தாவலில் போகும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எளிதாக்கி, இடையில் இரண்டு படிகள் வைத்து எழுதினால் வாசிப்பவருக்கு நிம்மதி. ஆனால் திடீரென்று மனம் மாறும் ஒருவரின் குணம் காணாமல் போய்விடும். மேலே நான் சொன்ன எல்லைக்கோட்டை இந்த இசை விடாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிறது. ஏனென்றால் இது தன்னை அடக்கிக்கொள்ள முடியாத ஒருவரின் கதை. ஒலி எந்த நொடியும் உடைந்துவிடலாம் என்ற பதற்றம் வாசிப்பவருக்கும் இருக்கிறது, கேட்பவருக்கும் இருக்கிறது. அந்தப் பதற்றம்தான் படைப்பின் உள்ளடக்கம்.

ஆகவே மாணவியின் வாதத்தில் 'ஆகவே' என்ற சொல்தான் பிழை. கடினமானது, ஆகவே சிறந்தது என்பது தவறு. இந்தக் கடினம் இல்லாமல் இந்தப் பொருளைச் சொல்ல முடியாது, ஆகவே சிறந்தது என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நம் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி என்று அடுக்கிவிட்டால் மதிப்பெண் கூடும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். நாமும்தான் அப்படி நம்ப வைத்திருக்கிறோம். அந்தத் தொடரை எடுத்துவிட்டால் கருத்து குறைகிறதா? குறைந்தால் வைத்துக்கொள்ளலாம். குறையவில்லையென்றால் அது நகை.

டிரம் பகைவனா?

இந்தப் படைப்பைப் பற்றி எழுதுபவர்கள் பலர் ஸ்நேர் டிரம்மைக் கிளாரினெட்டின் எதிரி என்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. நீல்சனின் ஐந்தாம் சிம்பொனியில் (1922) ஸ்நேர் டிரம் கலைஞர் வாத்தியக் குழுவின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துவதுபோல் தம் விருப்பப்படி முழக்க வேண்டும். அங்கே டிரம் எதிரிதான், சந்தேகமே இல்லை. புல்லாங்குழல் கான்செர்ட்டோவிலும் மென்மையான குழலுக்கு எதிரே முரட்டு பேஸ் டிராம்போனை நிறுத்திக் கேலி செய்தார்.

ஆனால் இங்கே எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. டிரம்முக்குச் சுருதி சண்டையில் பங்கு இல்லை. அது எஃப் பக்கமும் இல்லை, ஈ பக்கமும் இல்லை. குழுவின் மற்ற கருவிகள் விலகி நிற்கும்போதும் அது கிளாரினெட்டின் பக்கத்தில் வந்து நிற்கிறது. சீண்டுகிறது, உசுப்பிவிடுகிறது, சில இடங்களில் துணைக்கும் வருகிறது. எதிரி என்றால் கிளாரினெட்டை வாயடைக்க வைக்க வேண்டுமல்லவா? இந்த டிரம் அதை மேலும் பேச வைக்கிறது. கோபக்காரரின் கூடவே திரியும் நண்பன், 'அப்படியா சொன்னான்? நீ சும்மாவா விட்டே?' என்று கேட்பானே, அந்த மாதிரி. பகைவனைவிட இந்த நண்பன் ஆபத்தானவன். இது என் வாசிப்பு. நீங்கள் கேட்டுப் பார்த்து மறுக்கலாம்.

உருவப்படம் என்ற வாதம்

இது ஒக்சன்வாட்டின் உருவப்படம், அவருடைய கோபமும் ஈரமும்தான் இசையாகியிருக்கின்றன என்பது இன்னொரு விளக்கம். நீல்சனின் திட்டமே அதுதான் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதோடு நின்றுவிட்டால் ஒரு சிக்கல் வருகிறது. ஒக்சன்வாட் 1944இல் மறைந்துவிட்டார். அவரை நேரில் பார்த்தேயிராத கலைஞர்கள் இன்றும் இதை வாசிக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைஞர் லூயி காயுசாக் 1947இல் ஒலிப்பதிவு செய்தார். அமெரிக்காவின் ஜாஸ் நட்சத்திரம் பென்னி குட்மன் 1966இல் சிக்காகோ சிம்பொனி குழுவுடன் பதிவு செய்தார். இன்று அனைத்துலகக் கிளாரினெட் போட்டிகளில் இது அடிக்கடி இடம்பெறும் படைப்பு. ஒரு தனி மனிதரின் படம் மட்டும் என்றால் இத்தனை பேருக்கு இது எப்படிப் பொருந்தும்?

படைப்பாளரின் வாழ்க்கையும் சூழலும் படைப்புக்குள் நுழைய உதவும் வாசல். வாசலிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. கவிதைக்கு விளக்கம் எழுதச் சொன்னால் கவிஞரின் பிறந்த ஊரையும் வாங்கிய பரிசுகளையும் எழுதி வைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

குறை இல்லையா?

உண்டு. மூன்று தட்டு நடனப் பகுதி எனக்குச் சற்று நீளமாகப் படுகிறது. கிளாரினெட் ஏற்கெனவே சொன்ன கோபத்தையே மறுபடி சொல்கிறதோ என்ற எண்ணம் எழுகிறது. வாத்தியக் குழுவின் நிறமும் திட்டமிட்டே மங்கலாக வைக்கப்பட்டிருப்பதால், முதல்முறை கேட்பவருக்கு வறட்சியாகத் தோன்றலாம். 1928இலேயே ஸ்டாக்ஹோமில் வாசித்தபோது கடுமையான விமர்சனம் எழுந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை கேட்டபோது நானும் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடலாமா என்று யோசித்தவள்தான்.

இன்னொரு ஆபத்து வாசிப்பவர்களிடம் இருக்கிறது. இன்றைய இளங்கலைஞர்களின் நுட்பம் அபாரம். சிலர் இந்தப் படைப்பை ஒரு சிரமமும் இல்லாததுபோல வழவழவென்று வாசித்துவிடுகிறார்கள். பிழையே இல்லை, ஆனால் கதையும் இல்லை.

முடிவில் யார் ஜெயித்தார்கள்?

கடைசிப் பகுதி வேகமாகத் தொடங்குகிறது. பெரிய வெடிப்போடு முடியும் என்று எதிர்பார்ப்போம், கைதட்டத் தயாராவோம். ஆனால் இசை மெல்ல மெல்ல அடங்குகிறது. டிரம்மும் ஓய்கிறது. தொடங்கிய எஃப் சுருதிக்கே திரும்பி, தணிந்த குரலில் முடிகிறது.

இது சமாதானமா, களைப்பா? எஃப் ஜெயித்தது என்று கணக்குப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் வெற்றி பெற்றவர் இவ்வளவு சன்னமாகப் பேசுவாரா? சண்டை தீர்ந்துவிட்டதாக எனக்குக் கேட்கவில்லை. சண்டை போட இனித் தெம்பு இல்லை என்று கேட்கிறது. வேறொரு நாள் கேட்டபோது, மன்னிப்பு என்றும் கேட்டது. இரண்டுக்கும் இசையில் இடம் இருக்கிறது.

'முடிவில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை' என்று அந்த மாணவி எழுதியதைக் குறை என்று நினைத்தேன். முடிவுரை என்றால் தீர்வு இருக்க வேண்டும், நல்லது வெல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தே பழகிவிட்டோம். அவள் படைப்பைச் சரியாகக் கேட்டிருக்கிறாள். கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறாள். என் இரண்டாவது சிவப்புக் குறிப்புத்தான் தவறு. அதை அவளிடம் சொல்லி, மதிப்பெண்ணையும் திருத்தினேன். "பரவாயில்லை டீச்சர். கடைசியை இன்னொரு தடவை கேட்டீங்களா?" என்றாள். இந்த முறை, கேட்டேன் என்று சொல்ல முடிந்தது.

வகுப்பில் பயன்படுத்த

ஆசிரியர்கள் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் வகுப்பில் ஒலிக்கவிடலாம். பெயர், வரலாறு எதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். பிறகு கீழ்க்காணும் வினாக்களைக் கொடுக்கலாம்.

1. நீங்கள் கேட்ட இசையில் எத்தனை 'ஆட்கள்' பேசுகிறார்கள்? ஒவ்வொருவரின் குணத்தையும் இரண்டு பெயரடைகளால் குறிப்பிடுக.

2. முடிவு சமாதானமா, களைப்பா, மன்னிப்பா? உங்கள் விடைக்கு இசையிலிருந்து ஒரு சான்று தருக. ('எனக்கு அப்படித் தோன்றியது' என்பது சான்று ஆகாது.)

3. 'டிரம் பகைவன் அல்லன், ஆபத்தான நண்பன்' என்ற கட்டுரையாளரின் கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பத்தி எழுதுக.

4. நீங்கள் அண்மையில் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்க. அதில் நகையாக மட்டும் இருக்கும் தொடர்களை அடிக்கோடிடுக. அவற்றை நீக்கி மீண்டும் வாசித்துப் பார்க்க.

நான்காவது பயிற்சியை நாமும் செய்யலாம். நான் இந்தக் கட்டுரையில் செய்து பார்த்தேன். மூன்று பழமொழிகள் போயின.